வேலிக்கு மேலே கொடுத்த ஆப்பிள் டார்ட்

எஸ்ஸி கில்பினுக்கு வாய் ஓடினால்தான் கை ஓடும். மாவைப் பிசறும்போது பேசுவாள், ஆப்பிள் தோலைச் சீவும்போது பேசுவாள், கேட்க ஆள் இல்லாவிட்டால் அடுப்போடு பேசுவாள். நெசவாலை ஊரில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய அம்மாவுக்கும் சித்திகளுக்கும் நடுவில் வளர்ந்தவள். வில்பர்ட் கில்பினைக் கல்யாணம் செய்துகொண்டு வட அயர்லாந்தில் அர்மா பக்கத்து ஆப்பிள் தோட்டத்துக்கு வந்தபோது அந்த வீட்டின் அமைதி அவள் காதை அடைத்தது. வில்பர்ட் நல்லவன்தான். ஆனால் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். அவன் பேசாததையெல்லாம் சேர்த்து எஸ்ஸியே பேசி நிரப்பினாள்.

அப்போது அவளுக்கு டார்ட் செய்யத் தெரியாது. பிராம்லி ஆப்பிளின் குணம் டவுன்காரிக்கு எங்கே தெரியும்? பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு; ஒன்று ஒரு குழந்தையின் தலையளவு இருக்கும்; பார்க்கக் கல் மாதிரி. சூடு பட்டதும் அப்படியே நுரைத்துக் கரைந்துவிடும். முதல் வருஷம் தட்டில் மாவை விரித்து, துண்டுகளைச் சிக்கனமாகப் பரப்பி, மேல்மாவை மூடி அடுப்பில் வைத்தாள். வெளியே எடுத்தபோது நடுப்பகுதி கிழவன் கன்னம் மாதிரி உள்ளே போயிருந்தது.

வில்பர்ட் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நடுவுல பள்ளத்தாக்கு வெச்சிருக்கியே, ஆறு ஏதாவது விடப் போறியா?"

அவன் அன்று பேசியது அவ்வளவுதான். அதை எஸ்ஸி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வருஷம் அவள் கை தேறிவிட்டது. குளிர்ந்த கையால் கொழுப்பையும் வெண்ணெயையும் மாவில் உதிர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேர்த்தாள். ஆப்பிளைக் கனமாகச் சீவி, அடுப்புக்குள் போனால் அடங்கிவிடும் என்று தெரிந்தே கோபுரமாகக் குவித்தாள். ஒரு தட்டுக்கு இரண்டு கிராம்பு, அதற்கு மேல் கிடையாது. ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, மேலே பாலைத் தடவி, கத்தியால் இரண்டு கீறல் போடுவாள். அறுவடைக் காலம் முழுக்க, காலையில் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும், பறிக்க வந்த ஆட்களுக்கு அந்த டார்ட்டும் கறுப்புத் தேநீரும் தோட்டத்துக்குப் போக வேண்டும். அக்டோபர் மாதத்தில் அந்த வீட்டுத் திரைச்சீலைகூட வெந்த ஆப்பிள் வாசம் அடிக்கும்.

பறிக்க வருகிறவர்களில் ஃபிரான்சி ரஃபர்ட்டி என்று ஒருவர். மேட்டுக்கு அந்தப் பக்கம் தங்கை பிரைடியோடு இருந்தார், கல்யாணம் ஆகாதவர், கத்தோலிக்கர். கில்பின்கள் புராட்டஸ்டன்ட். ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருஷா வருஷம் வருவார். டார்ட்டின் ஓரத்தை முதலில் சுற்றிக் கடித்து முடித்துவிட்டு, நடுவில் இருப்பதைக் கடைசியில் தின்பார்.

"ஓரம் கருகியிருக்கா ஃபிரான்சி?" என்பாள் எஸ்ஸி.

"கருகினாத்தான் மேடம் ருசி," என்பார். அது அவருடைய பதில்; ஒரு வருஷமும் மாறியதில்லை.

இதற்கெல்லாம் மேலே, எஸ்ஸிக்குக் காது கொடுக்க ஒருத்தி கிடைத்தாள். தோட்டத்தின் கீழ்ப்பக்க முள்வேலிக்கு அப்பால் டிம்ப்னா மாக்கிலின் வீடு. புருஷன் இங்கிலாந்தில் கட்டட வேலையில் இருந்தான்; கிறிஸ்துமஸுக்கு வருவான், ஒரு பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போவான் என்று டிம்ப்னாவே சொல்வாள். அப்படி மூன்று பெண்கள். அவளும் கத்தோலிக்கச்சி. மாக்கில்களும் கில்பின்களும் தலைமுறை தலைமுறையாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வானிலையைப் பற்றி மட்டும் பேசி வந்தவர்கள். அந்த வழக்கத்தை எஸ்ஸி ஒரே இலையுதிர்காலத்தில் உடைத்துப் போட்டாள். கூடுதலாகச் செய்த டார்ட்டை எனாமல் தட்டோடு வேலிக்கு மேலே நீட்டினாள். தட்டு திரும்பி வரும்போது அதில் சோடா ரொட்டியோ முட்டையோ இருக்கும். கூடவே கேலியும் வரும்.

"இந்த டார்ட்டுல சர்க்கரைக்குப் பதிலா பைபிள் வசனத்தையா போட்ட? புளிப்புல என் கடைக்குட்டி அழுதுட்டா."

"நீங்க இஷ்டத்துக்குச் சர்க்கரை அள்ளிப் போட்டுத் தின்னுட்டு, சனிக்கிழமை பாதிரியார்கிட்ட போய்ப் பாவமன்னிப்பு வாங்கிடுவீங்க. எங்களுக்கு அந்த வசதி இல்லடி."

ஹாலோவீன் வந்தால் எஸ்ஸி உருளைக்கிழங்கு ஆப்பிள் செய்வாள். மசித்த கிழங்கில் மாவு சேர்த்து விரித்து, பாதியில் ஆப்பிளை வைத்து மடித்து, கல்லில் இரண்டு பக்கமும் சுடுவது. வெந்ததும் பக்கவாட்டில் கீறி, உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும் திணித்து மறுபடி மூடினால் அது உருகிப் பாகாகிவிடும். டிம்ப்னாவின் பெண்களும் எஸ்ஸியின் மகள் ஐரிஸும் அடுப்படியிலேயே நின்று கை சுட, வாய் சுட அதைத் தின்பார்கள்.

பிறகு எழுபதுகள் வந்தன, ஊர் கெட்டது. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற கத்தோலிக்கர்களிலும், பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்ற புராட்டஸ்டன்ட்களிலும் துப்பாக்கி எடுத்தவர்கள் இருந்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு பண்ணை வீடுகளின் கதவைத் தட்டினார்கள். வில்பர்ட்டின் அண்ணன் ஹெட்லி தம்பியின் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். "நம்ம நிலத்தை நாமதான் பாத்துக்கணும். வேற எவன் வருவான்?" கடைசியில் வில்பர்ட் பிரிட்டிஷ் ராணுவத்தின் பகுதி நேரப் படையில் சேர்ந்தான். பகலில் தோட்டம், வாரத்தில் சில மாலைகளில் சீருடை போட்டுக்கொண்டு சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிற வேலை. ஒரு நாள் ஃபிரான்சியின் சைக்கிளையே நிறுத்த வேண்டி வந்தது. பையைத் திறந்தால் உள்ளே காகிதத்தில் சுற்றிய எஸ்ஸியின் டார்ட். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "போங்க ஃபிரான்சி," என்றான் வில்பர்ட். அதை வீட்டில் வந்து சொன்னபோது எஸ்ஸிக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

படையில் சில விதிகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தினமும் ஒரே வழியில் போகக்கூடாது. டிராக்டரில் ஏறுமுன் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். எங்கே இருக்கிறோம், எப்போது திரும்புவோம் என்று வெளியே யாருக்கும் தெரியக்கூடாது.

"அண்டர்கிரவுண்ட் வேலை மாதிரி ஆக்கிட்டியே," என்றாள் எஸ்ஸி.

"குண்டுக்குக்கூட நான் பயப்படல," என்றான் வில்பர்ட், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "உன் வாய்க்குத்தான் பயப்படறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் துணியை எடுத்து அவன் மேல் வீசினாள்.

எழுபத்து நான்காம் வருஷ அறுவடைக்கு ஆட்கள் வரவில்லை. கில்பின் வீட்டுக்கு வேலைக்குப் போனால் யார் கண்ணிலாவது படுமே என்று பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். ஃபிரான்சி மட்டும் வழக்கம்போல ஏணியோடு வந்தார். மரங்கள் தாங்க முடியாமல் காய்த்திருந்தன. கல்குவாரிக்குப் போகிற பாதையை ஒட்டி இருந்த தூரத்துத் தோட்டத்தை வில்பர்ட் தனியாகவே பறிக்கத் தொடங்கினான். மற்றவர்கள் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் வேலை செய்தார்கள்.

ஒரு புதன்கிழமை பிற்பகல், எஸ்ஸி டார்ட் தட்டோடு வேலிக்குப் போனாள். மூடுபனி விலகி வெயில் லேசாக அடித்தது. டிம்ப்னா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பம்ப் நின்னு போச்சு எஸ்ஸி. வில்பர்ட் வந்து ஒரு தடவை பாப்பாரா?"

"சனிக்கிழமை வரைக்கும் ஆளைப் பிடிக்க முடியாது. கல்குவாரித் தோட்டத்துல ஒத்தை ஆளா மல்லுக்கட்டிட்டிருக்காரு. ஒரு துணை வெச்சுக்கோன்னா கேக்கறாரா? இருட்டுற வரைக்கும் அங்கேயேதான். சாப்பாட்டுக்குக்கூட வர்றதில்ல."

சொல்லிவிட்டுத் தட்டை வேலிக்கு மேலே நீட்டினாள். "சூடா இருக்கு, அடியில துணியோட பிடி." பிறகு ஐரிஸின் பல் வலியைப் பற்றியும், சபைக்குப் புதிதாக வந்த போதகரின் மனைவியுடைய தொப்பியைப் பற்றியும் பேசினாள். டிம்ப்னா சிரித்தாள்.

வியாழக்கிழமை மாலை எஸ்ஸி அடுத்த நாளுக்கு ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கல்குவாரிப் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. காக்கை விரட்டுகிறவர்கள் யாரோ என்று நினைத்தாள். ஃபிரான்சிதான் முதலில் ஓடினார். திரும்பி வந்து அடுக்களை வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எஸ்ஸி அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

வில்பர்ட் ஏணியின் அடியில் கிடந்தான். பறித்த கூடை கவிழ்ந்து ஆப்பிள்கள் அவனைச் சுற்றிச் சிதறியிருந்தன. எஸ்ஸிக்கு அப்போது என்ன தோன்றியதோ, அடிபட்ட ஆப்பிள்களை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். ஃபிரான்சி வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

உடலை வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் வைத்தார்கள். ஊர் முழுக்க வந்தது. டிம்ப்னா இரண்டு ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் ஹெட்லி நின்றிருந்தான்.

"எதுக்கு வந்த?"

"எஸ்ஸியைப் பாக்க வந்தேன் ஹெட்லி."

"பாத்துட்டியா? போ."

எஸ்ஸி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே எழுந்து வந்தாள். ஹெட்லியை விலக்கி டிம்ப்னாவை உள்ளே அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தாள். டிம்ப்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எஸ்ஸிக்கு அழுகை வந்தது அப்போதுதான். டிம்ப்னாவின் கை ஐஸ் மாதிரி இருந்தது என்பது மட்டும் அவளுக்குப் பின்னால் நினைவிருந்தது.

அடக்கம் முடிந்ததும் போலீஸ் வந்து கேட்டது. அவர் அங்கே தனியாக இருப்பது யாருக்குத் தெரியும்? யோசித்துப் பாருங்கள். எஸ்ஸி யோசித்தாள். தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. ஒன்றும் ஞாபகம் வரவில்லை என்றாள். அது பொய்யில்லை.

ஆப்பிள் துக்கத்துக்குக் காத்திருக்காது. சபையைச் சேர்ந்த ஆண்கள் மிச்சத் தோட்டத்தைப் பறித்துக் கொடுக்கத் திரண்டு வந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பிடக் கொடுக்க வேண்டும். எஸ்ஸி கறுப்பு உடையின் மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மாவு பிசைய நின்றாள். அன்று அவள் பேசவில்லை. பேசாமல் அவள் டார்ட் செய்தது அதுதான் முதல் தடவை. தட்டில் மாவை விரித்து, ஆப்பிளைக் குவித்து, மூடி, முள்கரண்டியால் ஓரத்தை அழுத்திக்கொண்டே வந்தாள். பாதி வட்டம் வந்தபோது தன் குரல் அவளுக்குக் கேட்டது. கல்குவாரித் தோட்டத்துல ஒத்தை ஆளா. இருட்டுற வரைக்கும்.

முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வேலியைச் சுற்றிக்கொண்டு டிம்ப்னாவின் வீட்டுக்குப் போனாள்.

டிம்ப்னா அடுக்களையில் தனியாக இருந்தாள். எஸ்ஸியின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். எஸ்ஸி உட்காரவில்லை.

"நான் அன்னைக்குச் சொன்னதை நீ யார்கிட்ட சொன்ன?"

டிம்ப்னா சுற்றி வளைக்கவில்லை. அதை எஸ்ஸி கடைசி வரைக்கும் அவளுக்குச் சாதகமாகவே நினைப்பாள்.

"இந்த மேஜையிலதான் சொன்னேன். டார்ட்டை வெட்டி வெச்சேன். பிள்ளைங்க இருந்தாங்க. என் அக்கா மகன் மலாக்கி வந்திருந்தான். யார் குடுத்ததுன்னு கேட்டான். எஸ்ஸி குடுத்தான்னேன். பாவம் அவ, புருஷன் கல்குவாரித் தோட்டத்துல இருட்டுற வரைக்கும் தனியாக் கிடந்து பாடுபடறான்னேன். பாவம்னுதான்டி சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. இன்னொரு துண்டு கேட்டான். தின்னுட்டுப் போனான்."

"அவன் அந்த ஆளுங்களோட சேர்ந்தவன்னு உனக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது. வேட்டுச் சத்தம் கேட்டப்பதான் தெரிஞ்சுது. துணி எடுத்திட்டிருந்தேன். கொடியிலேயே விட்டுட்டு உள்ள வந்து உக்காந்துட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டே வந்து என் கையைப் பிடிச்ச."

"பிடிச்சேன்."

அடுப்பில் கெட்டில் கொதித்து மூடி ஆடிக்கொண்டிருந்தது. இருவரில் யாரும் அதை இறக்கவில்லை.

"போலீஸ்ல போய்ச் சொல்லு எஸ்ஸி. நான் தடுக்கல. என்னால சொல்ல முடியாது. அவன் என் அக்கா பெத்த பிள்ளை. நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவனோட ஆளுங்க என்னை விட மாட்டாங்க. என் பிள்ளைங்களுக்கு வேற யாரு இருக்கா? ஆனா நீ சொல்லு. உனக்கு அந்த உரிமை இருக்கு."

எஸ்ஸி திரும்பி நடந்தாள். வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றாள். டிம்ப்னாவை அடித்திருக்கலாம் என்று தோன்றியது. பிறகு, முதலில் சொன்ன வாய் யாருடையது என்று தோன்றியது.

வீட்டில் ஹெட்லி காத்திருந்தான். அவள் எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று பார்த்துவிட்டான்.

"அங்க என்ன வேலை உனக்கு?"

"தட்டு வாங்கப் போனேன்."

"எஸ்ஸி, உக்காரு. எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். இல்லாம அவனுங்களுக்குத் தெரிய வழியில்ல. ஒரே ஒரு பேரைச் சொல்லு. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

'நாங்க' என்று அவன் சொல்வது தங்கள் பக்கத்து முகமூடி ஆட்களைத்தான் என்று எஸ்ஸிக்குத் தெரியும். அவன் தெரிந்தே அப்படிச் சொன்னான். விசாரணைக்கு வந்த சார்ஜென்ட் ஹெட்லியோடு உட்கார்ந்து குடிக்கிறவர் என்பதும் தெரியும். போலீஸிடம் மலாக்கி பெயரைச் சொன்னால் அன்றைக்கே அது ஹெட்லிக்குப் போகும். மலாக்கி அதை எங்கே கேட்டான் என்ற கேள்வி வரும். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில், அடுப்படியில் நின்று உருளைக்கிழங்கு ஆப்பிள் தின்ற மூன்று பெண்கள் தூங்கும் அறை சாலையைப் பார்த்தாற்போல் இருக்கிறது.

"நான் யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

"நல்லா யோசி."

"யோசிச்சாச்சு. யார்கிட்டயும் சொல்லல."

பாதியில் விட்ட டார்ட்டின் ஓரத்தை அழுத்தி முடித்து அடுப்பில் வைத்தாள். மலாக்கியையும் காப்பாற்றுகிறோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் இந்தச் சாவை வில்பர்ட்டோடு நிறுத்திவிட்டோம் என்று நினைத்தாள்.

நிற்கவில்லை. பெயர் கிடைக்காதவர்கள் ஒரு பெயரைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் வேலை செய்த கத்தோலிக்கர் ஒருவர்தானே? வில்பர்ட் எங்கே இருப்பான் என்று தெரிந்தவர் ஒருவர்தானே? நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்த ஃபிரான்சி ரஃபர்ட்டியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுப் போட்டார்கள். பிரைடி சமையலறையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஹெட்லி வந்தான். வழக்கம்போல மேஜையில் உட்கார்ந்தான். முந்தின நாள் டார்ட்டில் ஒரு துண்டை எஸ்ஸியின் மகள் ஐரிஸ் எடுத்து வைத்தாள். அவளுக்கு ஒன்பது வயது, பெரியப்பா வந்தால் வைப்பது அவள் வழக்கம். ஹெட்லி ஒரு வாய் தின்றுவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இனிமே வில்பர்ட் நிம்மதியாத் தூங்குவான்."

எஸ்ஸி வந்து அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். மிச்சத்தை வாளியில் கொட்டினாள்.

"எழுந்திரு."

"என்ன?"

"வில்பர்ட் விழுந்தப்ப முதல்ல ஓடினது ஃபிரான்சி. அவரு சட்டையெல்லாம் வில்பர்ட்டோட ரத்தம். நீ அப்ப எங்க இருந்த? எழுந்திரு ஹெட்லி. இனி இந்த வாசப்படியை மிதிச்சா நானே போய்ச் சொல்லுவேன், உன்னைப் பத்தி, உன் சார்ஜென்ட்டைத் தாண்டி யார்கிட்ட சொல்லணுமோ அங்க."

அவன் போனான். பிறகு அவன் வரவில்லை. சபையிலும் அவள் உட்காரும் வரிசையில் யாரும் உட்காரவில்லை.

ஃபிரான்சியின் அடக்கத்துக்கு எஸ்ஸி போனாள். புராட்டஸ்டன்ட் பெண், அதுவும் செத்த படைவீரனின் மனைவி, கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைந்து பின்வரிசையில் நின்றாள். வெறுங்கையோடுதான் போனாள். மாவைத் தொட மனம் வரவில்லை. வெளியே பிரைடியின் முன்னால் போய் நின்றாள்.

"உங்க வீட்டு ஆளுங்கதான செஞ்சது," என்றாள் பிரைடி. கத்தவில்லை. ஏதோ விலாசம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஆமாம்னுதான் நினைக்கிறேன்," என்றாள் எஸ்ஸி.

பிரைடி தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

அதற்குப் பிறகு எஸ்ஸி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தாள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாள். குத்தகைக்காரரின் ஆட்களுக்கும் அறுவடைக் காலத்தில் டார்ட் செய்து கொடுத்தாள், கை மறக்கவில்லை. வாய்தான் நின்றுபோனது. மாவில் கை வைத்தால் அடுக்களையில் யாரும் இருக்கக்கூடாது. ஐரிஸ் உள்ளே வந்தால் "வெளிய போ" என்பாள், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தே ஐரிஸ் வளர்ந்தாள். பதினெட்டு முடிந்ததும் நர்ஸ் வேலைக்குப் படிக்க கிளாஸ்கோவுக்குப் போய்விட்டாள். உருளைக்கிழங்கு ஆப்பிளை எஸ்ஸி மறுபடி செய்யவே இல்லை. டிம்ப்னாவைச் சாலையில் பார்த்தால் இருவரும் தலையசைப்பார்கள். அந்த வேலி யாரும் வெட்டாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மூடிக்கொண்டது.

மலாக்கி கொஞ்ச காலம் லண்டனில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அவனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரும்புச் சாமான் கடை வைத்தான், பிள்ளைகள் பெற்றான், உடம்பு போட்டான்.

தொண்ணூற்றெட்டில் சமாதான ஒப்பந்தம் ஆன அடுத்த வருஷம், இரண்டு தரப்புச் சபைகளும் சேர்ந்து ஊர் மண்டபத்தில் ஆப்பிள் திருவிழா நடத்தின. எஸ்ஸியை வற்புறுத்தி ஒரு மேஜையில் உட்கார வைத்தார்கள். அவள் டார்ட்டுகளுக்குக் கூட்டம் சேர்ந்தது. கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த ஐரிஸ் பக்கத்தில் நின்று துண்டு போட்டுக் கொடுத்தாள். வழுக்கை விழுந்த, பெருத்த ஆள் ஒருவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு துண்டு வாங்கினார். அங்கேயே நின்று தின்றார். சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினார்.

"பிரமாதம் மிஸஸ் கில்பின். இப்படி ஒரு டார்ட் நான் தின்னதே இல்ல."

எஸ்ஸி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தின்னிருக்கீங்க," என்றாள். "உங்க சித்தி வீட்டுல. அன்னைக்கும் ரெண்டாவது துண்டு கேட்டீங்க."

மலாக்கியின் கையில் தட்டு அப்படியே நின்றது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, பிறகு வடிந்து, முகம் மாவு நிறத்துக்குப் போனது. பேத்தி அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எஸ்ஸி கத்தியைத் துடைத்து, ஒரு துண்டு வெட்டி அவர் தட்டில் வைத்தாள். அவர் அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். வாசலை அடைய அவருக்கு வெகுநேரம் ஆனது. வழியில் எல்லோரும் நிறுத்திக் கை குலுக்கினார்கள்.

"யாரும்மா அது?" என்றாள் ஐரிஸ்.

அன்று மண்டபத்துக்குப் பின்னால், காரில் உட்கார்ந்தபடி, எஸ்ஸி மகளிடம் முழுவதையும் சொன்னாள். அடுக்களையிலிருந்து ஏன் துரத்தினாள் என்பதையும் சொன்னாள். "மாவு பிசைஞ்சாப் பேச வருதுடி எனக்கு. பேசினா என்ன வரும்னு பயம்." ஐரிஸ் உடனே போலீஸுக்குப் போக வேண்டும் என்றாள். எஸ்ஸி வேண்டாம் என்று தலையசைத்தாள். "டிம்ப்னா உயிரோட இருக்கா. அவ பொண்ணுங்க இங்கதான் இருக்காங்க. நான் போன பிறகு உன் இஷ்டம்."

மலாக்கி சில வருஷத்தில் மாரடைப்பில் செத்தார். ஊரில் அவ்வளவு பெரிய ஊர்வலம் பார்த்ததில்லை என்றார்கள். ஹெட்லி படுக்கையில் கிடந்து செத்தான், எஸ்ஸி போகவில்லை. அவள் எழுபத்தைந்தாவது வயதில், ஒரு செப்டம்பரில், நிமோனியாவில் போனாள். ஐரிஸ் சொன்னபடி பழைய வழக்குகளை விசாரிக்கிற அலுவலகத்துக்குப் போனாள். ஒரு சின்ன வயசு அதிகாரி மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முதியோர் இல்லத்தில் இருந்த டிம்ப்னாவைப் பார்த்துவிட்டு வந்து, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்றார். உண்மையாகவே இல்லையா என்று ஐரிஸ் கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. ஐரிஸ் மேட்டைத் தாண்டிப் போய்ப் பிரைடி ரஃபர்ட்டியின் கதவைத் தட்டினாள். எண்பது தாண்டிய பிரைடி அவளை உட்கார வைத்துத் தேநீர் போட்டாள். ஐரிஸ் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். உங்கள் அண்ணன் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, அது எங்கம்மாவுக்கு அன்றைக்கே தெரியும் என்றாள்.

பிரைடி நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அவன் காட்டிக் குடுக்கலேன்னு எனக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லம்மா. ஆனா உங்கம்மா அன்னைக்கு அந்தப் பேரைச் சொல்லியிருந்தா, என் அண்ணன் இருந்திருப்பான்."

"அந்த மூணு பொண்ணுங்க..."

"தெரியும். அதுங்களும் இருக்கணும்தான்." பிரைடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இருந்தாலும் அவன் இருந்திருப்பான்."

ஐரிஸ் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.